இழுவிசை குறைந்த மரபு வில்லுக்கு மான் வேட்டை அம்புமுனை: தேர்வும் தயாரிப்பும்

40 பவுண்டு இழுவிசை உள்ள ரிகர்வ் வில்லோ (நுனிகள் முன்னோக்கி வளைந்தது) லாங்போவோ (நீண்ட, எளிய வில்) வெள்ளைவால் மானின் மார்பைத் துளைத்து மறுபக்கம் அம்பை வெளியேற்றப் போதுமானது. ஆனால் அந்த வில்லில் வீணடிக்க எதுவும் மிச்சமில்லை. கப்பிகள் பொருத்திய 70 பவுண்டு காம்பவுண்டு வில்லில் முனை சற்று மழுங்கியிருந்தாலும், அம்பு கொஞ்சம் ஆடிப் பறந்தாலும், வேகம் பெரும்பாலும் அதை மூடி மறைத்துவிடும். 35 முதல் 45 பவுண்டு வரை இழுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் பிராட்ஹெட், அதாவது வெட்டும் தகடுகளான அலகுகள் கொண்ட வேட்டை முனை, வாங்கும்போது பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கையில் இருக்கும் கொஞ்ச ஆற்றலில் இந்த முனை எவ்வளவு தின்றுவிடும்?

கணக்கைப் பார்த்தால் நிலைமை புரியும். 450 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) அம்பு நொடிக்கு 155 அடி வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 24 அடி-பவுண்டு. 420 கிரெய்ன் அம்பை 280 அடி வேகத்தில் விடும் காம்பவுண்டு வில்லுக்கு அது 73. மூன்றில் ஒரு பங்குதான் நம்மிடம் இருக்கிறது. உந்தத்தை எடுத்துக்கொண்டால் படம் கொஞ்சம் மாறும்: நம் அம்புக்கு 0.31, காம்பவுண்டுக்கு 0.52 (ஸ்லக்-அடி/நொடி). அதாவது ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு. சதைக்குள்ளும் விலா எலும்புக்குள்ளும் அம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை உந்தமே அதிகம் காட்டுகிறது. அதனால்தான் மெதுவாகப் போகும் கனமான அம்பு, காகிதத்தில் தெரிவதைவிட நன்றாக ஊடுருவுகிறது. முனையைத் தேர்வதும் அம்பின் எடையைத் தீர்மானிப்பதும் தனித்தனி வேலைகள் அல்ல.

முதலில் உங்கள் வில்லின் உண்மையான இழுவிசை

வில்லின் மேல் எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கு உரியது. உங்கள் இழுப்பு 26 அங்குலம் என்றால், ஓர் அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்டு வரை குறையும். 40 என்று எழுதிய வில் உங்கள் கையில் 35 பவுண்டுதான். வில் தராசை நாணில் மாட்டி, நீங்கள் வழக்கமாக நாணை முழுதாக இழுத்து நிறுத்தும் இடம்வரை இழுத்து அளந்துகொள்ளுங்கள். கனத்த குளிர்ச்சட்டையோடு, பரணில் உட்கார்ந்தபடி, குளிர்ந்த தசையோடு இழுக்கும்போது இழுப்பு இன்னும் அரை அங்குலம் சுருங்குவதும் உண்டு. அந்தக் குறைந்த எண்ணை வைத்தே முனையைத் தேர்ந்தெடுங்கள்.

சட்டமும் இங்கேதான் குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குக் குறைந்தபட்ச இழுவிசை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: விஸ்கான்சினில் 30 பவுண்டு, கொலராடோவில் 35, வாஷிங்டனில் 40. முனையின் வெட்டு அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்பது பல மாநிலங்களில் பொதுவான விதி. வெட்டும் விளிம்பு முழு நீளமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்று கொலராடோ கேட்கிறது. முறுக்கிய அலகுள்ள முனைகள் அங்கே செல்லாது. பின்பக்கம் தூண்டில் முள்போல் மாட்டும் முனைகளைத் தடைசெய்த மாநிலங்களும் உண்டு. அலகின் பின்விளிம்பு தண்டோடு 90 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது; சில பழைய வடிவங்களை அரத்தால் லேசாகச் சரித்துவிட்டாலே விதிக்குள் வந்துவிடும். விதிகள் மாறக்கூடியவை. உரிமம் வாங்கும் ஆண்டின் கையேட்டைப் படித்த பிறகே முனை வாங்குங்கள்.

எதை ஒதுக்கலாம்

விரியும் முனைகளை, அதாவது மெக்கானிக்கல் பிராட்ஹெட்களை, யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். அலகு விரிவதற்கே ஆற்றல் செலவாகும். விரிந்த பிறகு அந்த அகலமான, செங்குத்தான அலகைத் தள்ளிக்கொண்டு போக இன்னும் அதிகம் வேண்டும். 24 அடி-பவுண்டில் இந்த இரண்டு செலவும் தாங்காது. அம்பு பாதியில் நின்றுவிடும். ஒரே ஒரு நுழைவுத் துளையோடு மான் ஓடும்.

அடுத்து ஒதுக்க வேண்டியவை, முன்னால் உளி முனையும் பின்னால் மாற்றக்கூடிய மெல்லிய அலகுகளும் உள்ள காம்பவுண்டு வகை முனைகள். இவற்றில் முதலில் தோலைத் தொடுவது வெட்டும் அலகு அல்ல, குத்தித் துளைக்கும் உலோக முனை. தோலும் அதன் கீழ் உள்ள சவ்வும் ஒரு கணம் இழுபட்டுப் பிறகுதான் கிழியும். வேகமான அம்புக்கு அது பொருட்டில்லை. மெதுவான அம்புக்கு அது நேரடி இழப்பு. நமக்கு வேண்டியது தொட்ட கணமே வெட்டத் தொடங்கும் முனை. நுனியிலிருந்தே கூர்விளிம்பு ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டு அலகா, மூன்றா?

பல ஆண்டுகளாக ஓயாத விவாதம் இது. 40 பவுண்டுக்குக் கீழே இதில் விவாதிக்க ஒன்றுமில்லை: இரண்டு அலகு, பிளீடர் எனப்படும் குறுக்கு அலகு இல்லாமல். 40 முதல் 45 வரை இரண்டு அலகே முதல் தேர்வு; அம்பு கனமாக, வில்லோடு இசைந்து நேராகப் பறக்கும்படி நன்றாக டியூன் ஆகியிருந்தால் ஒடுக்கமான மூன்று அலகையும் நம்பலாம். 45-ஐத் தாண்டினால் கை கொஞ்சம் தாராளமாகும்.

வெட்டும் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். 1 1/8 அங்குல அகலமுள்ள இரண்டு அலகு முனை ஏற்படுத்தும் வெட்டு 1.125 அங்குலம். 1 1/16 அங்குல விட்டமுள்ள மூன்று அலகு முனை கிட்டத்தட்ட 1.6 அங்குலம் வெட்டும். இரண்டு அலகில் 3/4 அங்குல பிளீடரைச் செருகினால் 1.875. வெட்டு நீளம் கூடக்கூட இரத்தம் அதிகம் போகும் என்பது உண்மை. அந்தக் கூடுதல் வெட்டுக்கான விலையை ஊடுருவலில் கொடுக்கிறோம் என்பதும் அதே அளவு உண்மை. மானின் உடலில் இரண்டு துளை விழுந்தால் கிடைக்கும் இரத்தத் தடம், ஒரே பெரிய துளையில் கிடைக்காது. அதிலும் பரணிலிருந்து எய்யும்போது நுழைவுத் துளை முதுகுப் பக்கம் உயரத்தில் இருக்கும். இரத்தம் மார்புக்குள்ளேயே தேங்கும். கீழே இருக்கும் வெளியேறும் துளைதான் தரையில் தடத்தை எழுதும். குறைந்த இழுவிசையில் அந்த இரண்டாம் துளைக்காகத்தான் நாம் இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

இரண்டு அலகு முனை விடும் கீறல் மூடிக்கொள்ளும், இரத்தம் கசியாது என்பார்கள். மழுங்கிய முனைக்கு அது பொருந்தும். சவரக் கத்தி பதத்தில் இருக்கும் முனை இரத்தக் குழாய்களைத் தள்ளிவிடாமல் அறுக்கிறது. சுத்தமான வெட்டில் இரத்தம் உறைய நேரமாகும். தடம் சரியில்லை என்று இரண்டு அலகைக் குறை சொல்பவர்கள் முதலில் தங்கள் முனையின் கூர்மையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நீளமும் அகலமும்

ஒரே அகலமுள்ள இரண்டு முனைகளில் நீளமானது எளிதாக உள்ளே போகும். சரிவு மெதுவாக இருந்தால் ஒவ்வொரு கணமும் வெட்ட வேண்டிய அளவு குறைவு. அகலம் 1 பங்கு என்றால் நீளம் 3 பங்கு என்ற விகிதத்தை புகழ்பெற்ற அமெரிக்க வில்லாளர் ஹோவர்ட் ஹில் காலத்திலிருந்தே மரபு வில்லாளர்கள் போற்றிவருகிறார்கள். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நடாலில் பெரிய விலங்குகளின் மேல் முனைகளைச் சோதித்த டாக்டர் எட் ஆஷ்பியும் நீண்டு ஒடுங்கிய இரண்டு அலகு முனைகளையே முன்னிறுத்தினார்.

மானுக்கு 3:1 கட்டாயம் என்று சொல்ல மாட்டோம். 2:1 விகிதத்தில் உள்ள 1 1/8 அங்குல முனை, கூராக இருந்து நேராகப் பறந்தால், 40 பவுண்டு வில்லில் விலா எலும்புகளுக்கு நடுவே நன்றாகவே போகும். ஸ்விக்கி எஸ்கிமோ போன்ற பழைய வடிவங்கள் இன்னும் விற்பனையில் இருப்பதற்கு அதுதான் காரணம். 35 பவுண்டுக்கு இறங்கினால் 1 அங்குலமோ அதை ஒட்டியோ உள்ள, 2.5:1-க்கு மேல் விகிதமுள்ள முனைக்கு மாறுங்கள். 1 3/8 அங்குலம், 1 1/2 அங்குலம் என்று அகன்ற இரண்டு அலகு முனைகளும் கிடைக்கின்றன. காற்றில் அவை சிறகுபோல் வேலை செய்து அம்பைத் திருப்பும், உள்ளே போகவும் திணறும். குறைந்த இழுவிசைக்கு அவை வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். முனையின் குழல், அதாவது ஃபெரூல், அலகோடு வழுவழுப்பாகக் கலந்திருக்க வேண்டும். மேடு தட்டினால் அது எலும்பில் முட்டும். குழல் முடியும் இடத்தில் தண்டு அதைவிடத் தடிமனாக இருந்தால் ஒரு படி உருவாகும். அந்தப் படி விலா எலும்பில் பிரேக் பிடிக்கும். தண்டு குழலின் விட்டத்துக்குச் சமமாகவோ சற்றே மெலிந்தோ இருந்தால் நல்லது. அலகில் பெரிய ஓட்டைகள் வெட்டிய முனைகள் பறக்கும்போது சீறும். நம் அம்பு 20 கெஜம் போக 0.4 நொடி எடுக்கிறது, சத்தம் 0.05 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். மிச்ச நேரத்தில் மான் உடலைத் தாழ்த்திப் பாயத் தொடங்கிவிடும். ஓட்டை இல்லாத, சத்தமில்லாத முனையை எடுங்கள்.

எஃகின் கடினமும் முக்கியம். ராக்வெல் சி அளவில் 50 முதல் 55 வரை இருந்தால் எலும்பில் பட்டு வளையாது, உடையவும் செய்யாது, வீட்டில் அரத்தாலும் கல்லாலும் கூராக்க முடியும். 40-களில் இருப்பவை எளிதாகக் கூராகும், அதே எளிமையில் மழுங்கும். மிகக் கடினமான எஃகுக்கு அரம் வழுக்கும். வைரத் தட்டு வேண்டும்.

ஒற்றைச் சரிவு முனைகள்

அலகின் ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்துத் தீட்டிய முனை உள்ளே போகும்போது சுழலும். எலும்பில் பட்டால் அந்தச் சுழற்சி எலும்பைப் பிளக்க உதவுகிறது. விளிம்பின் கோணமும் கூர்மையானது: ஒற்றைச் சரிவில் 25 பாகை என்றால் மொத்தமே 25தான், இரட்டைச் சரிவில் பக்கத்துக்கு 20 என்றால் மொத்தம் 40. மானின் விலாவுக்கு ஒற்றைச் சரிவு கட்டாயமில்லை. ஆனால் தீட்டுவதற்கு எளிது என்பதாலேயே புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கலாம்: ஒரு பக்கம் தீட்டி, மறுபக்கப் பிசிறை எடுத்தால் முடிந்தது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வலச் சரிவு முனைக்கு வலச்சிறகு இறகு, இடச் சரிவுக்கு இடச்சிறகு. இரண்டும் எதிரெதிராக இருந்தால், பறக்கும்போது இறகு ஒரு பக்கம் சுழற்ற, உள்ளே போனதும் முனை மறுபக்கம் சுழற்ற முயலும்; சுழற்சியே நின்று போகும். இறகு எந்தச் சிறகிலிருந்து வந்தது என்று தெரியாமல் முனை வாங்காதீர்கள்.

எடையும் அம்பின் அமைப்பும்

குறைந்த இழுவிசை என்றால் இலகுவான அம்பு என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். வேகம் கொஞ்சம் கூடும், ஊடுருவல் குறையும். வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 முதல் 12 கிரெய்ன் அம்பெடை என்பது மான் வேட்டைக்குப் பொருத்தமான வரம்பு. 40 பவுண்டுக்கு 400 முதல் 480 வரை. இன்னும் கொஞ்சம் ஏற்றி 520-க்குப் போனாலும் தவறில்லை. நொடிக்கு 155 அடி போன 450 கிரெய்ன் அம்பு, 520 ஆனதும் சுமார் 146 அடிக்குக் குறையலாம், உந்தம் 0.31-லிருந்து 0.34-க்கு ஏறும். 15 கெஜத்தில் அம்பு கூடுதலாக விழுவது 2 அங்குலம். 20 கெஜத்தில் 3 1/2 அங்குலத்துக்கு மேல். அதற்கு மேல் எடையேற்றினால் தூரக் கணிப்பில் சிறு பிசகும் பெரிதாகிவிடும்.

எடையை எங்கே ஏற்றுகிறோம் என்பதுதான் விஷயம். முன்னால் ஏற்றுங்கள். 29 அங்குல கார்பன் தண்டு, அங்குலத்துக்கு 8 கிரெய்ன் என்றால் 232. நாக் எனப்படும், நாணில் மாட்டும் பின்முனைப் பிளவும் மூன்று இறகுகளும் சேர்ந்து 20. இதில் 15 கிரெய்ன் அலுமினிய இன்சர்ட்டும் (முனையைத் திருகத் தண்டின் நுனிக்குள் செருகும் மரைக்குழல்) 125 கிரெய்ன் முனையும் போட்டால் மொத்தம் 392. சமநிலைப் புள்ளி அந்த நாக் முனையிலிருந்து சுமார் 19.2 அங்குலத்தில் வரும். அதே தண்டில் 50 கிரெய்ன் பித்தளை இன்சர்ட், 175 கிரெய்ன் முனை என்றால் மொத்தம் 477; சமநிலைப் புள்ளி 21 அங்குலத்துக்கு நகரும். முன்கனத்தைச் சதவீதமாகக் கணக்கிட, சமநிலைப் புள்ளியிலிருந்து தண்டின் பாதி நீளத்தைக் கழித்து, முழு நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். முதல் அம்புக்கு 16, இரண்டாவதற்கு 22. முன்கனம் கூடிய அம்பில் பின்பகுதி இலகுவாக இருப்பதால், முனை எதிர்ப்பைச் சந்திக்கும்போது தண்டு குறைவாகவே அலைபாயும். ஆற்றல் பக்கவாட்டில் சிதறாமல் முன்னோக்கியே தள்ளும்.

இப்படி முன்னால் எடை சேர்த்தால் தண்டு வில்லுக்கு நெகிழ்வானதாகிவிடும். 125 முனையோடு ஒழுங்காகப் பறந்த தண்டு, 225 கிரெய்ன் முன்னெடையோடு, வலக்கை வில்லாளருக்கு, வலப்பக்கம் உதைத்துப் போகும். தண்டைச் சற்று வெட்டிக் குறைக்க வேண்டும் அல்லது ஒரு படி விறைப்பான தண்டுக்கு மாற வேண்டும். அதனால் முனையின் எடையை முதலில் முடிவுசெய்துவிட்டு, பிறகு தண்டு வாங்குங்கள். டஜன் தண்டு வாங்கி வெட்டிய பிறகு முனையின் எடையை மாற்றுவதுதான் இந்த வேலையில் பணம் வீணாகும் முதல் இடம்.

தண்டின் நீளத்தில் இன்னொரு எச்சரிக்கை. முழுதாக இழுத்தபோது முனையின் பின்விளிம்பு வில்லின் கைப்பிடிக்கு முன்னால் ஓர் அங்குலமாவது தள்ளி நிற்க வேண்டும். வில் பிடித்த கையின் விரலை அகன்ற முனை அறுத்துவிடும்.

முனையைப் பொருத்துவது

திருகு வகை முனை என்றால் அதிகம் சொல்ல இல்லை: இன்சர்ட்டின் முகம் தண்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா பாருங்கள், மரையில் கொஞ்சம் தேன்மெழுகு தடவி இறுக்குங்கள், குறடு அல்லது முனைச்சாவி இல்லாமல் வெறுங்கையால் திருகாதீர்கள்.

ஒட்டும் வகைக்குக் கவனம் வேண்டும். மரத் தண்டின் நுனி 5 பாகை சரிவில் சீவப்பட்டிருக்க வேண்டும். நாக் பக்கச் சரிவு 11 பாகை, இரண்டையும் மாற்றிச் சீவிவிடாதீர்கள். குழலின் உட்புறத்தை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். முனையைக் குறட்டால் பிடித்துக் குழலை மட்டும் சூடாக்குங்கள். கூர்விளிம்பில் தீ படக் கூடாது, எஃகின் பதம் போய்விடும். உருகும் பசையைத் தண்டு நுனியில் சீராகப் பூசி, குழலைச் செருகி, ஒரு சுற்றுத் திருகி அழுத்துங்கள். பசை இளகியிருக்கும்போதே அம்பைச் சுழற்றிப் பார்த்து நிமிர்த்த வேண்டும்.

சுழற்றிப் பார்க்கும் முறை எளிது. முனையின் நுனியைக் கடினமான மரப்பலகையில் நிறுத்தி, அம்பைச் செங்குத்தாகப் பிடித்து, பம்பரம்போல் விரல்களால் சுழற்றுங்கள். கண்ணை நுனியில் வைக்காமல், குழலும் தண்டும் சேரும் இடத்தில் வையுங்கள். அந்த இடம் அசையாமல் நின்றால் சரி. மங்கலாகத் தெரிந்தாலோ பலகை வழியாக விரலுக்கு அதிர்வு வந்தாலோ முனை கோணலாக இருக்கிறது. மறுபடி சூடாக்கி, கால் சுற்றுத் திருப்பி, மீண்டும் சோதியுங்கள். நான்கு பக்கமும் திருப்பியும் நிற்கவில்லை என்றால் தண்டின் நுனியோ முனையோ வளைந்திருக்கிறது. அந்த ஜோடியைப் பிரித்துவிடுங்கள். ‘கொஞ்சம்தானே’ என்று விட்ட ஆட்டம் 15 கெஜத்தில் அம்பைப் பக்கவாட்டில் தள்ளும். சாய்ந்து படும் அம்பு தன் உந்தத்தை முழுதாக ஊடுருவலுக்குப் பயன்படுத்தாது.

இரண்டு அலகைக் கிடையாக வைப்பதா, நெடுக்காக வைப்பதா என்று கவலைப்பட வேண்டாம். அம்பு சுழன்றுகொண்டே போகிறது. மானைத் தொடும்போது எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. எய்யும்போது கண்ணை உறுத்தாத நிலையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா அம்புகளிலும் ஒரே மாதிரி.

பறக்கும் நேர்த்தி

முனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அம்பு வால் ஆட்டிக்கொண்டு போனால் பயனில்லை. இறகில்லாத வெறுந்தண்டை, முனையின் அதே எடையுள்ள பயிற்சி முனையோடு 10, 15, 20 கெஜம் என்று எய்து பாருங்கள். வலக்கை வில்லாளருக்கு வெறுந்தண்டு இறகு அம்புகளுக்கு இடப்பக்கம் விழுந்தால் தண்டு விறைப்பு அதிகம். வலப்பக்கம் என்றால் நெகிழ்வு அதிகம். கீழே விழுந்தால் நாணில் அம்பு பொருத்தும் புள்ளி உயரமாக இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு: அந்தப் புள்ளி மிகத் தாழ்வாக இருந்தால் அம்பின் வால் ஷெல்ஃபில் (வில்லில் அம்பு தங்கும் திட்டில்) மோதி எகிறும், பார்வைக்குப் புள்ளி உயரமாக இருப்பது போலவே தெரியும். அதனால் அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் இடத்துக்கு மேல் 5/8 அங்குலத்தில் தொடங்கி, சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டு வாருங்கள்.

அதன் பிறகு உண்மையான பிராட்ஹெட்டையும் பயிற்சி முனையையும் மாற்றி மாற்றி எய்யுங்கள். இரண்டும் ஒரே கூட்டமாக விழ வேண்டும். தள்ளி விழுந்தால் பார்வைக் குறியை மாற்றிச் சமாளிக்காதீர்கள். டியூனிங் இன்னும் முடியவில்லை என்று பொருள். முன்னால் அகன்ற அலகு இருப்பதால் பின்னால் பிடித்து நிறுத்த இறகும் வேண்டும்: 4 அங்குலத்தில் மூன்று, அல்லது 5 அங்குலத்தில் மூன்று, சுருள் வைத்து ஒட்டியவை. இந்தச் சோதனைக்கு ஒரு முனையைத் தனியாக ஒதுக்கி, பெயிண்ட் புள்ளி வைத்து அடையாளப்படுத்துங்கள். அடுக்கு ஃபோம் இலக்கில் சில முறை பாய்ந்தாலே கூர் போய்விடும். வேட்டைக்கான முனை இலக்கைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் மறுபடி தீட்டிய பிறகே அம்பறாத்தூணிக்குப் போக வேண்டும்.

தீட்டும் முறை

பெட்டியிலிருந்து வரும் முனைகளில் பல வேட்டைக்குத் தயாரான கூரோடு வருவதில்லை. இரட்டைச் சரிவு முனைக்கு, முதலில் சரிவு முழுவதும் மார்க்கர் மையைத் தடவுங்கள். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். விளிம்பில் மை மிச்சமிருந்தால் கோணம் போதவில்லை, சற்று உயர்த்துங்கள். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் அதிகம். கோணம் பிடிபட்டதும் அதே பக்கத்தில் இழுத்துக்கொண்டே இருங்கள், மறுபக்கம் விளிம்பு நெடுகப் பிசிறு எழும்வரை. நகத்தை அலகின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்த்தினால் பிசிறு தட்டுப்படும். நுனியிலிருந்து அடிவரை தட்டுப்பட வேண்டும். பாதியில் விட்டுவிட்டு மறுபக்கம் திருப்புவதுதான் பெரும்பாலானோர் கூர் வரவில்லை என்று தவிப்பதற்குக் காரணம். பிறகு மறுபக்கம், அதே போல. அதன்பின் 600, 1000 கண் கற்களில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தோல்பட்டையில் மெருகுப்பசை தடவி, விளிம்புக்கு எதிர்த்திசையில் பின்னோக்கி இழுங்கள்.

மூன்று அலகுத் திட முனைக்குக் கோணம் பார்க்கும் வேலையே இல்லை. இரண்டு அலகுகளைத் தட்டையான அரத்தின் மேல் ஒருசேரப் படியவைத்துத் தள்ள வேண்டும். 60 பாகை விளிம்பு தானாக வரும். மூன்று பக்கமும் எண்ணி, சம எண்ணிக்கையில் இழுங்கள். அந்த 60 பாகை, இரண்டு அலகின் 40 பாகையைவிட மொண்ணையான கோணம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். குறைந்த இழுவிசைக்கு மூன்று அலகைத் தயங்கிச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நுனியை ஊசியாக இழைத்துவிடாதீர்கள். ஊசி நுனி விலா எலும்பில் பட்டதும் கொக்கிபோல் சுருளும். சுருண்ட நுனியோடு அம்பு அங்கேயே நின்றுவிடும். கடைசி 1/16 அங்குலத்தைச் செங்குத்தான கோணத்தில் சிறு உளிபோல் தீட்டிவிட்டால் நுனி தாங்கும். வெட்டுவதில் குறைவு எதுவும் தெரியாது.

பதம் பார்க்க, முன்கை மயிர் இழுக்காமல் மழிகிறதா என்பது ஒரு வழி. அதைவிட நல்லது ரப்பர் பேண்டு: இரு விரல்களுக்கு நடுவே லேசாக இழுத்துப் பிடித்து, அதன்மேல் முனையை அழுத்தாமல் படவிடுங்கள். வெட்ட வேண்டும், தள்ளினால் திரும்பக் கல்லுக்குப் போங்கள். தீட்டிய விளிம்பில் மெல்லிய வாசலின் பூச்சு போட்டால் ஈரத்தில் துருப்பிடிக்காது. அம்பறாத்தூணியின் மூடிக்குள் உள்ள ஃபோமில் முனை உரசினால் கூர் போகும். ஒவ்வொரு முனைக்கும் தனிக் குழி வைத்து, அம்பைத் திருகாமல் நேராகச் செருகி நேராக எடுங்கள். மூடி முனைகளை முழுதாக மறைக்கிறதா என்று பரண் ஏறும் முன் பாருங்கள். ஏணியில் ஏறும்போது வில்லும் அம்பும் கயிற்றில் கட்டிக் கீழே இருக்க வேண்டும்.

எப்போது எய்வது

குறைந்த இழுவிசைக்கு 15 கெஜம் நல்ல தூரம். 20-ஐத் தாண்ட வேண்டாம். மான் முழுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்று விலகிப் பார்த்தபடி. பக்கவாட்டு மானில் முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். விலகி நிற்கும் மானில் எதிர்ப்பக்கத்து முன்னங்காலை மனதில் வைத்து எய்யுங்கள். அம்பு பின்பக்க விலாக்கள் வழியே நுழைந்து இரண்டு நுரையீரலையும் கடக்கும். நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மான், நேர்முகமாக நிற்கும் மான் இரண்டையும் விட்டுவிடுங்கள். தோள்பட்டை எலும்பின் மேடும் மேற்கால் எலும்பும் அந்தக் கோணத்தில் குறுக்கே வரும். 24 அடி-பவுண்டு அதைத் தாண்டும் என்று நம்பி எய்வது விலங்குக்குச் செய்யும் கொடுமை.

பரணின் உயரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 15 அடி போதும், பாதுகாப்புப் பட்டையோடு. 20 அடிக்கு மேல் ஏறிக் காலடியில் நிற்கும் மானை எய்தால் கோணம் செங்குத்தாகி, ஒரே நுரையீரல்தான் அடிபடும். முதுகுப்பக்கம் தசையும் எலும்பும் கூடுதல்.

எய்த பிறகு அம்பைக் கண்டெடுத்து முனையைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும். அரை மணி நேரம் பொறுத்துத் தடம் பிடியுங்கள். பச்சை அல்லது பழுப்புக் கசடும் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது. குறைந்தது 6 முதல் 8 மணி நேரம் அந்தப் பக்கம் போகாதீர்கள். முனையைக் கழுவித் துடைத்ததும் மறுபடி பலகையில் சுழற்றிச் சோதியுங்கள். நுனி மட்டும் சுருண்டிருந்தால் அரத்தால் இழைத்து உளி நுனியை மீட்டெடுக்கலாம். அலகு வளைந்திருந்தாலோ, குழலோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ நிமிர்த்த முயலாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.